முன் சக்கரத்துக் கல்

சத்தம் இடது பின் சக்கரத்தில்தான். வண்டி ரோட்டை விட்டு மேடேறி வரும்போதே காதில் விழுந்துவிட்டது. பிரேக் பேட் முழுக்கத் தேய்ந்து, வெறும் தகடு டிஸ்க்கை உரசுகிற சத்தம். சோற்றில் மணல் கடிபடுகிற மாதிரி எனக்குப் பல் கூசியது. ஓட்டி வந்தவனைப் பார்க்க வேண்டியதில்லை, யார் என்று தெரியும். கோகிலா நேற்றே போனில் சொல்லிவிட்டாள். "மாமா, அப்பா வண்டி பின்னால கிறீச்சு கிறீச்சுங்குது. நாளைக்கு என்னையும் பாப்பாவையும் கூட்டிட்டுப் போக மேல வர்றாரு. நீங்க பாத்துக் குடுத்தாத்தான் நான் அதுல ஏறுவேன். வேற யாரு கைலயும் குடுக்கக்கூடாதுன்னு சொல்லிட்டேன்." அவளுக்கென்ன, சொல்லிவிட்டாள். குன்னூரில் புருஷன் வீட்டில் உட்கார்ந்துகொண்டு, எங்கள் இரண்டு பேரையும் ஒரே கொட்டகைக்குள் தள்ளி வெளியே தாழ் போட்டுவிட்டாள். அவள் அம்மா மாதிரியே. பூவாத்தாளும் இப்படித்தான், கேட்கமாட்டாள், முடிவு பண்ணிவிட்டுத்தான் சொல்வாள். பூவாத்தாள் என் தங்கை. இந்த வண்டிக்காரன் தண்டபாணி அவள் புருஷன். அவள் போய் ஏழெட்டு வருஷம் ஆகிறது. அவளைப் பாடையில் தூக்கிய நாளிலிருந்து இவனும் நானும் ஒரு சொல் பேசியதில்லை. கல்யாணங்களில் பார்த்திருக்கிறோம், ஒரே பந்தியில் எதிரெதிரே உட்கார்ந்து தின்றிருக்கிறோம், பேசியதில்லை. மனசுக்குள் நான் இவனை அவன் இவன் என்றுதான் சொல்வேன். ஆனால் வாயைத் திறந்தால் "வாங்க மாப்ளே" என்று வந்துவிடும், அத்தனை வருஷத்துப் பழக்கம். அதனாலேயே திறப்பதில்லை. இவன் சாக வேண்டும் என்று நான் நினைத்த நாட்கள் உண்டு. நினைக்காத நாட்கள் குறைவு. இன்றைக்கு இவன் வண்டியின் பிரேக்கை என் கையில் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, முண்டாசை அவிழ்த்து முகம் துடைத்துக்கொண்டு நிற்கிறான்.

கல்லாறில் என் கொட்டகை ரோட்டுக்கு மேலே இருக்கிறது. வாசலிலிருந்து ரோடு வரை சரிவு, இரண்டு லாரி நீளம் இருக்கும். சரிவு முடிகிற இடத்தில் ஊட்டி ரோடு. மேலேயிருந்து இறங்கி வருகிற பஸ்காரன்கள் கொண்டை ஊசி வளைவெல்லாம் முடிந்த தெம்பில் அந்த இடத்தில்தான் வேகம் பிடிப்பான்கள். அதனால் இங்கே யார் வண்டி வந்தாலும் முதலில் முகத்தை ரோட்டைப் பார்க்கத் திருப்பி நிறுத்தச் சொல்வேன், முன் சக்கரத்துக்குக் கீழே கல் வைப்பேன். நல்ல கருங்கல், பவானி ஆற்றிலிருந்து நானே தூக்கி வந்தது. கியர் போட்டிருக்கிறது என்பதெல்லாம் எனக்குக் கணக்கில்லை. பின்பக்க பிரேக் வேலைக்கு ஹேண்ட் பிரேக்கை எடுத்துவிட வேண்டும், எடுத்தால்தான் உள்ளே பேடை அமுக்குகிற பிஸ்டன் பின்னால் போகும். ஆக வண்டியைப் பிடித்துக்கொண்டிருப்பது அந்தக் கல் ஒன்றுதான். கல்லை வைத்துவிட்டு நிமிர்ந்தேன். ஹேண்ட் பிரேக்கை எடுக்கச் சொல்ல வேண்டும். யார் சொல்வது. பக்கத்தில் பஞ்சர் கடை சுலைமான் பாய் ஸ்டூலில் உட்கார்ந்து ட்யூபைத் தண்ணீரில் முக்கிக்கொண்டிருந்தார். "பாய், ஹேண்ட் பிரேக்கை எடுத்துவிடச் சொல்லுங்க" என்றேன். பாய் இவனைப் பார்த்தார். இவன் என்னைப் பார்க்காமல் பாயைப் பார்த்து, "எடுத்தாச்சுன்னு சொல்லுங்க பாய்" என்றான். பாய் ட்யூபைத் தொட்டிக்குள் போட்டுவிட்டார். "ஏனுங்க, நான் என்ன தபால்காரனா? கை நீட்டுனா தொடற தூரத்துல நின்னுட்டு நடுவுல என்னைய எதுக்குங்க போட்டு அரைக்கறீங்க? நாளைக்கு நான் மவுத்தாயிட்டா யாரு வழியாப் பேசுவீங்க?" இவன் சிரித்தான். எனக்கும் சிரிப்பு வந்தது, மூக்கு வழியாக விட்டுவிட்டேன். இவனோடு சேர்ந்து சிரிப்பதா. வீல் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு இடது பின் சக்கரத்தின் பக்கம் குத்த வைத்து உட்கார்ந்தேன். முழங்கால் சத்தம் போட்டது. அதுவும் தகடு டிஸ்க்கில் உரசுகிற சத்தம்தான்.

நட்டுகளைத் தளர்த்தி, ஜாக்கியில் ஏற்றி, சக்கரத்தைக் கழற்றி வண்டிக்கு அடியில் படுக்கப் போட்டேன், ஜாக்கி நழுவினாலும் வண்டி சக்கரத்தின் மேல்தான் விழும், என் கையின் மேல் விழாது. டிஸ்க்கில் வட்ட வட்டமாகக் கோடு. இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் டிஸ்க்கே போயிருக்கும். எதையும் கடைசி வரைக்கும் விட்டுப் பார்க்கிறவன் இவன். சத்தம் வந்தால் வரட்டும், வலி வந்தால் வரட்டும், விடியட்டும் பார்க்கலாம். பேடுகளையும் பிஸ்டனையும் தாங்குகிற காலிபரைப் பிடித்திருக்கும் போல்ட்டுகள் இரண்டு. கீழே ஒன்று, மேலே ஒன்று. கட்டை விரல் கனம். இந்த இரண்டும் இருந்தால் பிரேக் இருக்கிறது, இல்லாவிட்டால் இல்லை. ஒரு போல்ட்டைக் கையால் மட்டும் முடுக்கிவிட்டு ஸ்பேனர் போடாமல் விட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். இங்கே ஒன்றும் ஆகாது. பர்லியாறு வரைக்கும் ஒன்றும் ஆகாது. வண்டி அதிர அதிர ஒவ்வொரு மரையாக அதுவே கழன்று வரும், நிதானமாக, யாருக்கும் தெரியாமல், ஆள் தூக்கத்தில் இருக்கும்போது வாய் திறந்துகொள்கிற மாதிரி. அப்புறம் ஒரு வளைவு. நான் போல்ட்டை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எண்ணெயும் தூசியும் படிந்து கறுப்பாக இருக்கிறது. கனமே இல்லை. இவ்வளவுதானா. ஆனால் மேலே ஏறும்போது யாருக்கு பிரேக் வேண்டும், ஏற்றமே வண்டியைப் பிடிக்கும். வேண்டியது இறங்கும்போது. இறங்கும்போது பின்சீட்டில் கோகிலா இருப்பாள், மடியில் அந்தப் பொடிசு, இன்னும் பேர்கூட வைக்கவில்லை. அந்த இடத்தில் நினைப்பு வந்து முட்டிக்கொண்டு நின்றது. பின்னால் எடுத்துத் திருப்பி ஓட்டிப் பார்த்தேன், மறுபடியும் அங்கேயே வந்து முட்டியது. இவன் தனியாக இந்த வண்டியில் இருக்கிற நேரம் இங்கிருந்து குன்னூர் போகிற வரைக்கும்தான். அந்த நேரத்துக்கு பிரேக் தேவையில்லை. எவ்வளவு கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கிறாள் அந்தப் பெண், அங்கே உட்கார்ந்துகொண்டே. போல்ட்டை வண்டிச் சட்டத்தின் மேல் கவனமாக வைத்தேன். வைத்த பிறகும் கை அந்த வடிவத்திலேயே மூடிக்கொண்டிருந்தது.

பழைய பேடுகள் கழன்று வந்தன. உள்பக்கத்துப் பேடில் உரசுகிற மருந்தே இல்லை, தகடு கண்ணாடி மாதிரி மின்னியது. அதில் என் முகம் நீளமாகத் தெரிந்தது, தாடை மட்டும். அடுத்தது பிஸ்டன். முன் சக்கரத்தில் கிளாம்பு போட்டு நேராகத் தள்ளினால் போய்விடும். பின் சக்கரத்தில் அப்படித் தள்ளக்கூடாது, தள்ளினால் உள்ளே ஹேண்ட் பிரேக்கின் மரை நசுங்கும். திருகித் திருகித்தான் உள்ளே அனுப்ப வேண்டும், அதற்கென்று ஒரு சாவி இருக்கிறது. அழுத்திக்கொண்டே திருப்ப வேண்டும். ஒரு சுற்று, இன்னொரு சுற்று. எதிர்த்துக்கொண்டே போகும். அதன் பிறகு பானெட்டைத் திறந்து பிரேக் ஆயில் டப்பாவைப் பார்க்க வேண்டும், இங்கே பிஸ்டன் உள்ளே போகப் போக அங்கே ஆயில் மேலே ஏறி வழியும். இங்கே அமுக்கினால் அங்கே ஏறும், கண்ணுக்குத் தெரியாத ஒரு குழாய் வழியாக. நான் நாலாவதுக்கு மேல் படிக்கவில்லை, ஆனால் இது எனக்கு எப்போதோ புரிந்துவிட்டது, பிரேக்கில் அல்ல, வீட்டில். பூவாத்தாளுக்கு நெஞ்சு வலித்த அன்றைக்கு நான் கூடலூரில் ஒரு லாரிக்கு அடியில் படுத்திருந்தேன். எனக்கும் அன்று நெஞ்சில் என்னவோ அமுக்கியது என்று பிறகு சொல்லிக்கொண்டேன். பொய்யாக இருக்கலாம். அவள் சிறுமுகையில் அவன் வீட்டுச் சமையல்கட்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். கேஸ் என்றான் இவன். சோடா வாங்கி வந்து கொடுத்தான். விடியட்டும் என்றான். வாசலில் கார் நின்றது, ஆஸ்பத்திரி மேட்டுப்பாளையத்தில் இருந்தது, விடியட்டும் என்றான். விடிந்தது. ஊர் சொல்கிறது, அவன் என்ன பண்ணினான், பாவம், அவனுக்கு என்ன தெரியும் என்று. நானும் அதைத்தான் சொல்கிறேன். அவன் ஒன்றும் பண்ணவில்லை. அடிக்கவில்லை, தள்ளவில்லை, விஷம் வைக்கவில்லை. ஒன்றுமே பண்ணாமல் நின்றான். ஒருத்தியை அனுப்புவதற்கு அது போதும். பிஸ்டனை இன்னொரு சுற்றுத் திருப்பினேன். சாவி வழுக்கி விரல் முட்டி தோல் உரிந்தது. ரத்தம் வந்ததும் நாக்கில் வைத்தேன். கிரீஸ் ருசி.

"ரெண்டு பக்கமும் மாத்தணுமான்னு கேளுங்க பாய்" என்றான் பின்னாலிருந்து. நானும் பாயிடமே சொன்னேன். "ஒரு பக்கம் மாத்தினா வண்டி ஒரு பக்கமா இழுக்கும்னு சொல்லுங்க." பாய் மேலே பார்த்து, "யா அல்லா" என்றார். "ரெண்டு பக்கமும் மாத்துவாராம். கேட்டுச்சுங்களா, இல்லை எழுதித் தரட்டுங்களா?" பிஸ்டன் முகத்தில் ஒரு காடி இருக்கும், பேடின் முதுகில் ஒரு சின்னக் குமிழ். இரண்டும் சேர வேண்டும். சேராவிட்டால் பேட் கோணலாக உட்கார்ந்து ஒரே மாதத்தில் தின்றுவிடும். குமிழைக் காடியில் உட்கார்த்தினேன். புதுப் பேட் வெயிலில் காய்ந்த செங்கல் வாசனை அடித்தது. காலிபரை இறக்கினேன். கீழ்ப் போல்ட்டை எடுத்துக் கையால் முடுக்கினேன். கை நின்றது. பிறகு ஸ்பேனர் போட்டு இறுக்கினேன். மேல் போல்ட்டையும் இறுக்கினேன். மறுபடி கீழ்ப் போல்ட்டுக்கு வந்து இறுகியிருக்கிறதா என்று பார்த்தேன். இறுகியிருந்தது. மறுபடியும் பார்த்தேன். என் கையை எனக்கு நம்பிக்கை இல்லை. இத்தனை வருஷத்தில் ஒரு வண்டிக்கு ஒரு போல்ட்டை மூன்று தடவை பார்த்தது கிடையாது.

வலது பக்கத்துக்குப் போகும்போதுதான் ஓடந்துறைப் பக்கம் பஸ் ஒன்று டயர் வெடித்து நிற்கிறது என்று பாய்க்குப் போன் வந்தது. மொபெட்டை மிதித்துக்கொண்டே சொன்னார், "நான் வர்ற வரைக்கும் ரெண்டு பேரும் வாயைத் தைச்சுட்டு உக்காந்திருங்க. இல்லைன்னா இங்க படுத்திருக்கற இந்த நாய்கிட்டச் சொல்லிவிடுங்க, அது நல்லாவே சொல்லும்." போய்விட்டார். ஸ்டூல் காலியாக நின்றது. தொட்டித் தண்ணீரில் ட்யூப் மெல்ல மேலே வந்து மிதந்தது. பாக்குத் தோப்புக்குள் காற்று புகுந்து வெளியே வந்தது. அவ்வளவு பெரிய ரோட்டின் ஓரத்தில் திடீரென்று நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தோம். எனக்கு அது பிடிக்கவில்லை. யாராவது ஒருத்தர் நடுவில் இருந்தால் நினைப்பு அவரைத் தாண்டிப் போகாது, ஆள் இல்லாவிட்டால் நேராகப் போய் அவன் கழுத்தில் நிற்கும். அவன் கழுத்து மெலிந்துவிட்டது. சட்டைக் காலர் பெரிதாக நிற்கிறது. பூவாத்தாள் இருந்தால் பிடித்துத் தைத்துக் கொடுத்திருப்பாள். சக்கரத்தைக் கழற்றினேன். இவன் கொட்டகைத் தூணில் சாய்ந்து நின்றவன், நிஜமாகவே நாயிடம் பேச ஆரம்பித்தான். "ஏண்டா, அன்னைக்கு பர்லியாத்துல மண்ணு சரிஞ்சு பஸ்செல்லாம் நிக்குதுன்னு எங்களுக்கு யாருடா சொன்னா? பொழுது எறங்கறதுக்குள்ள எடுக்கணும்னு பெரியவங்க கத்தறாங்க. நான் அங்க ஒரு ஆளாடா? உக்காருன்னா உக்காந்தேன், எந்திரின்னா எந்திரிச்சேன்." நாய் வாலை ஒரு தடவை ஆட்டிவிட்டு நிறுத்தியது. நான் காலிபரைப் பார்த்தபடியே இருந்தேன். காது மட்டும் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டது. திரும்பாதே என்றால் கேட்கிறதா.

நான் வருவதற்குள் அவளை எடுத்துவிட்டதைத்தான் சொல்கிறான். கோடிச் சேலையை. பிறந்த வீட்டுக் கோடி போடாமல் ஒரு பெண்ணை எடுக்கக்கூடாது. அவள் எந்த வீட்டில் வாழ்ந்தாலும், போகும்போது அவள் மேல் கடைசியாக விழ வேண்டியது அண்ணன் தம்பி கொண்டுபோன துணி. அப்பன் ஆத்தா இல்லை, வேறு கூடப் பிறந்தவன் இல்லை, நான் ஒருத்தன்தான். மண் சரிந்த இடத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தேன், பிறகு ஒரு காய்கறி வேனில் தொற்றிக்கொண்டு மேட்டுப்பாளையம் வந்தேன். ஜவுளிக்கடையில் அரக்குச் சேலை எடுத்தேன். கடைக்காரப் பெண் விசேஷமா என்று கேட்டாள், ஆமாம் என்றேன். சிறுமுகையில் இறங்கி ஓடுகிறேன், தெருவில் கொட்டுச் சத்தம் இல்லை. வாசலில் தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்தார்கள். கழுவின தண்ணீர் என் காலடிக்கு ஓடி வந்தது. எடுத்தாச்சுங்க என்றார் ஒருத்தர், என்னை யார் என்றே தெரியாமல். சுடுகாட்டுக்குப் போனபோது தீ நன்றாகப் பிடித்துவிட்டிருந்தது. இவன் தலையில் துண்டு போட்டுக்கொண்டு நின்றான். என்னைப் பார்த்தான். என் கையில் இருந்த பொட்டலத்தைப் பார்த்தான். ஒன்றும் சொல்லாமல் நின்றான். அப்போதும் நின்றான். அந்தச் சேலை இங்கேதான் இருக்கிறது, இந்தத் தகரப் பெட்டியில், கிரீஸ் டின்னுக்குப் பின்னால், கடைக்காரி மடித்த மடிப்பு கலையாமல். வேறு யாருக்கும் கொடுக்க முடியாத துணி அது. எரிக்கவும் முடியாது, தீயில் போடுவதற்கு என்று எடுத்ததுதான், ஆனால் அந்தத் தீயில். ஒவ்வொரு நாளும் கிரீஸ் எடுக்கப் போகும்போது கை அதில் படுகிறது. பட்டதும் இவன் ஞாபகம். இவன் சிறுமுகையில் தூங்குவான், சாப்பிடுவான், நான் இங்கே ஒவ்வொரு நாளும் காலையில் இவன் முகத்தில் கை வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குகிறேன். இப்போதும் கிரீஸ் எடுக்க எழுந்தேன். பட்டது.

வலது பக்கம் சீக்கிரம் முடிந்தது. பிஸ்டன் திருகி உள்ளே போயிற்று, குமிழ் காடியில் உட்கார்ந்தது, போல்ட்டுகளை இறுக்கினேன், பார்த்தேன், மறுபடி பார்த்தேன். சக்கரத்தை மாட்டி நட்டுகளைக் குறுக்குக் குறுக்காக முடுக்கினேன். ஜாக்கியை இறக்கினேன். வண்டி பெருமூச்சு விட்டு உட்கார்ந்தது. ஒரு குறையும் இல்லை. நினைத்தது எல்லாம் நினைத்ததுதான், கை அதன் வேலையைச் செய்துவிட்டது. கோகிலா ஏறலாம், பாப்பா மடியில் தூங்கலாம். எனக்கு உடம்பு லேசானது போலவும் ஏமாந்தது போலவும் இருந்தது. இனி மிச்சம் ஒன்றுதான், பெடல். பேட் மாற்றின வண்டியில் முதல் மிதி தரைக்குத்தான் போகும். பிஸ்டனை உள்ளே தள்ளி வைத்திருக்கிறோம், அது வெளியே வந்து பேடைத் தொட வேண்டும், அதற்கு விட்டு விட்டு நாலைந்து மிதி வேண்டும். அதுவரை அந்த வண்டியில் பிரேக் என்று ஒன்று கிடையாது, ஹேண்ட் பிரேக்கும் கிடையாது. காரமடையில் என்னோடு வேலை பார்த்த துரைசிங்கம் ஒரு தடவை மறந்து போய், ஷெட்டிலிருந்து எடுத்த வண்டியை நேராக எதிர்த்த பேக்கரிக்குள் கொண்டுபோய் விட்டான். அதிலிருந்து எனக்கு ஒரு முறை. வேலை முடிந்ததும் நானே ஏறி உட்கார்வேன், நானே மிதிப்பேன், கால் கெட்டியாக நின்ற பிறகுதான் இறங்கிக் கல்லை எடுப்பேன். முதலில் பெடல், அப்புறம் கல். எத்தனை வருஷமோ இதில் மாறியதில்லை. இவன் போன் அடித்தது, கோகிலா. "ஆச்சு சாமி, முடிஞ்சுது, இதோ கிளம்பிட்டேன். மத்தியானத்துக்கு மேல மூட்டம் மூடிக்கும், அதுக்குள்ள வந்தர்றேன். ஆமா, உங்க மாமாதான் பண்ணுனாரு. பேசினமா? ம்ம். பேசினோம், பேசினோம்." பொய் சொல்கிறான். நாய் வழியாகப் பேசினது பேச்சா. எனக்குள் எரிந்தது. அந்த எரிச்சலோடு குனிந்தேன், நிமிர்ந்தேன். நிமிர்ந்தபோது கல் என் கையில் இருந்தது.

முன் சக்கரத்துக்குக் கீழே மண்ணில் கல்லின் பள்ளம் ஈரமாகத் தெரிந்தது. ஏன் எடுத்தேன். வண்டி கியரில் நிற்கிறது, ஆடவில்லை. திரும்ப வைத்துவிடலாம். அதற்குள் கதவு சாத்துகிற சத்தம். இவன் ஏறிவிட்டான். சாவி திருகுகிற சத்தம், இன்ஜின் பிடிக்கிற சத்தம், கிளட்ச்சை மிதித்திருக்கிறான், மிதித்ததும் வண்டி கல்லிலிருந்தும் கியரிலிருந்தும் விடுபட்டு, யாரோ தோளைத் தொட்டது போல மெல்ல முன்னால் நகர்ந்தது. என்னைக் கடந்து போனது. நான் பின்னால் நின்றேன், இரண்டு கையிலும் கல்லோடு. வண்டியின் பின்னால் சிவப்பு விளக்கு எரிந்தது. பிரேக்கை மிதிக்கிறான். சிவப்பு எரிகிறது, வண்டி நிற்கவில்லை. சிவப்பு எரிந்துகொண்டே இருக்கிறது, வண்டி போய்க்கொண்டே இருக்கிறது. மிதித்த காலை எடுக்காமல் அமுக்கிக்கொண்டிருக்கிறான், ஊரில் எவனும் அப்படித்தான் செய்வான், போகிறதே என்று இன்னும் அமுக்குவான், அமுக்கினால் வராது, விட்டு விட்டு மிதித்தால்தான் வரும், அது எனக்குத்தான் தெரியும். மேலே வளைவில் பஸ் ஹாரன் கேட்டது. இவன் தனியாக இருக்கிறான். வண்டியில் கோகிலா இல்லை, பாப்பா இல்லை. ஒரு போல்ட்டும் கழன்றிருக்கவில்லை, எவன் வந்து கழற்றிப் பார்த்தாலும் என் வேலையில் குற்றம் சொல்ல முடியாது. அவசரப்பட்டு ஏறிவிட்டான் என்பார்கள். நான் செய்ய வேண்டியது ஒன்றுமே இல்லை. இத்தனை வருஷம் எதைச் செய்தேனோ அதையே இன்னும் கொஞ்ச நேரம் செய்தால் போதும். பேசாமல் இருந்தால் போதும். எவ்வளவு சுலபம். கல் குளிர்ச்சியாக இருந்தது. ஒன்றும் பண்ணாமல் நிற்பது இவ்வளவு சுலபமா, கால் தரையோடு ஒட்டிக்கொள்கிறது, வாய்க்குள் நாக்கு கனமாகப் படுத்துக்கொள்கிறது, யாரும் சிரமப்பட வேண்டியதே இல்லை. இப்படித்தான் இருந்திருக்குமா அவனுக்கு, சமையல்கட்டில். "பாய்" என்றேன். என் குரல் எனக்கே கேட்டது. "பாய், விட்டு விட்டு மிதிக்கச் சொல்லுங்க." காலியான ஸ்டூலைப் பார்த்துச் சொன்னேன். ஸ்டூல் யாருக்கும் சொல்லவில்லை. வண்டி பாதிச் சரிவைத் தாண்டிவிட்டது. பஸ் வளைவை விட்டு வெளியே வந்துவிட்டது, அதன் முகம் தெரிந்தது, மஞ்சள் மாலை போட்ட முகம். "மாப்ளே!" கொட்டகைத் தகரம் அதிர்ந்தது. "மாப்ளே, காலை எடுத்து எடுத்து மிதிங்க! விட்டு விட்டு மிதிங்க மாப்ளே!" சிவப்பு அணைந்தது. எரிந்தது. அணைந்தது. எரிந்தது. அணைந்தது, எரிந்தது, எரிந்து அப்படியே நின்றது, வண்டி மூக்கைத் தரையில் குத்துவது போலக் குனிந்து நின்றது. பஸ் அதன் முகத்துக்கு முன்னால் ஒரே நீலமாகக் கடந்து போனது. ஹாரன் சத்தம் வெகுநேரம் கழித்துத்தான் தோப்புக்குள் போய் அடங்கியது.

நான் கல்லோடேயே சரிவில் இறங்கினேன். ஓடினேனா நடந்தேனா தெரியாது. வண்டியின் முன் சக்கரம் தார் ரோட்டின் விளிம்பில் ஏறி நின்றிருந்தது. கண்ணாடி பாதி இறங்கியிருந்தது. இவன் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, பெடலில் ஏறி நிற்கிற மாதிரி உட்கார்ந்திருந்தான். "ஹேண்ட் பிரேக்கைப் போடுங்க" என்றேன். போட்டான். "இன்னும் ரெண்டு தடவை மிதிங்க." மிதித்தான். "கெட்டியா நிக்குதுங்களா?" "நிக்குதுங் மச்சான்." அத்தனை வருஷத்துக்குப் பிறகு முதல் பேச்சு அது. சந்தோஷம் எதுவும் வரவில்லை எனக்கு, கோபமும் போகவில்லை, இருந்த இடத்தில் அப்படியே இருந்தது, என்ன, இனி அதை வாயைத் திறந்துகொண்டு சுமக்க வேண்டும். இவன் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. உள்ளே இருக்கிற சின்னக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தான், அதில் கொட்டகை வாசல் தெரியும், நான் நின்ற இடம் தெரியும். "கண்ணாடில பாத்தனுங் மச்சான்" என்றான். "கல்லைக் கைல வெச்சுட்டு நின்னுட்டே இருந்தீங்க." பாய் கடையிலிருந்து தொட்டித் தண்ணீர் சொட்டுகிற சத்தம் இங்கே வரை கேட்கிற மாதிரி இருந்தது. குற்றம் சொல்கிற குரலாக இருந்தால் நானும் கத்தியிருப்பேன். அப்படி இல்லை அந்தக் குரல். தெரிந்த ஆளை வழியில் கண்டுகொண்டவன் குரல் மாதிரி இருந்தது. "அவ நெஞ்சைப் புடிச்சுட்டு உக்காந்தப்ப நானும் அப்படித்தானுங் நின்னேன். கைல சோடா பாட்டிலு. போலாம் போலாம்னு உள்ள என்னமோ சொல்லுது, காலு வரலைங்க மச்சான். ஏன் வரலைன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியலை. உங்களுக்கு எப்படிங்க வாய் வந்துச்சு?"

எனக்கும் தெரியாது. இன்னும் இரண்டு மூச்சு நின்றிருந்தால் வந்திருக்குமா என்றும் தெரியாது. மேலே குன்னூர்ப் பக்கம் மூட்டம் இறங்கத் தொடங்கியிருந்தது, கோகிலா பாப்பாவுக்குத் துணி மாற்றிப் பையைக் கட்டி வாசலில் வைத்திருப்பாள். வண்டி பின்னால் உருளவும் இல்லை, முன்னால் போகவும் இல்லை, பிரேக் கெட்டியாகப் பிடித்திருந்தது. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் குனிந்து, கையிலிருந்த கல்லை முன் சக்கரத்துக்குக் கீழே வைத்தேன், அசைகிறதா என்று காலால் தட்டிப் பார்த்தேன், பிறகும் நிமிராமல் அங்கேயே அதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.